அறிவு உறையும் இடம்

கணக்கு எழுதும் சாஸ்திரத்தில், தத்துவ விசாரத்தில் பழகியவன் கண்டால் சற்றே நின்று யோசிக்கத்தக்க விதி ஒன்று உண்டு. ஒரு ஸ்தாபனம் தன் ஊழியர்களுக்கென்று கம்ப்யூட்டர்களை வாங்கினால் அவற்றின் விலை சொத்து என்ற தலைப்பின் கீழ் ஏறும். நமது நாட்டின் 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் மேஜைக் கம்ப்யூட்டருக்கும் மடிக்கணினிக்கும் 3 ஆண்டு ஆயுளும், ஸர்வர்களுக்கும் அவற்றை இணைக்கும் சாதனங்களுக்கும் 6 ஆண்டு ஆயுளும் வகுத்துத் தந்து, அந்த ஆயுள் தீரும்வரை அவற்றின் மதிப்பை ஆண்டுதோறும் தேய்மானமாகக் கழித்து வரச் சொல்கிறது. அதே ஸ்தாபனம் அதே ஊழியர்களுக்கு, அந்த யந்திரங்களைக் கொண்டு காரியம் செய்யும் வித்தையைப் போதிப்பதற்காகச் செலவிட்ட தொகையோ, செலவிட்ட ஆண்டிலேயே செலவென்று எழுதப்பட்டு, மறு ஆண்டின் ஐந்தொகையில் சுவடும் இல்லாமல் மறைந்துபோகிறது. நாள் செல்லச் செல்லத் தேய்கிற பொருள் சொத்தாகவும், நாள் செல்லச் செல்ல முதிர்கிற பொருள் செலவாகவும் எழுதப்படுகிற இந்த முறை, மேலோட்டமாகப் பார்க்கிறவனுக்குத் தலைகீழாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

இதைக் கண்டு கணக்கர்களைக் குறுகிய நோக்கினர் என்று பரிகசிப்போர் பலர். நான் அவர்களோடு சேரமாட்டேன். அருவச் சொத்துக்களைப் பற்றி, இந்த் ஏ.எஸ். 38 என்று தணிக்கையாளர்கள் வழங்குகிற கணக்கியல் தரம், தன் தீர்ப்புக்குக் காரணமும் சொல்கிறது. ஒரு பொருள் ஸ்தாபனத்தின் சொத்தாக வேண்டுமானால் அதன்மேல் ஸ்தாபனத்துக்கு ஆளுகை இருக்கவேண்டும். தேர்ந்த ஊழியர்களின் திறமையால் நாளை விளையக்கூடிய பயன்மேல் அத்தகைய ஆளுகை பொதுவாகப் போதிய அளவில் இருப்பதில்லை. ஆதலின் அது சொத்தன்று. வேலையை விட்டு நீங்குகிறவன் மேஜையையும் யந்திரத்தையும் வைத்துவிட்டுத் தலையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறான் என்பதைத்தான் இவ்வளவு கௌரவமான நடையில் அது கூறுகிறது. வரவுசெலவுப் புத்தகத்திலேயே இப்படியொரு தத்துவ ஒப்புதல் இருக்க, அந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டே நமது ஸ்தாபனத்தின் அறிவு, நமது அறிவு மூலதனம் என்று மேடைகளில் முழங்குகிறவர்கள் எதைக் குறித்துப் பேசுகிறார்கள்? அறிவு எதைப் பற்றி நிற்பது, அதற்கு ஆசிரயம் எது என்ற பழைய வினாவுக்கு விடை கண்டால் அல்லாமல், எந்த யந்திரத்துக்கு எவ்வளவு பணம் போடலாம் என்ற புதிய வினாவுக்கும் விடை கிடைக்காது என்பது என் எண்ணம்.

நமது தர்சனங்களில் இவ்வினாவை மிகக் கறாராக விசாரித்தவர்கள் நையாயிகர்கள். குணம் என்பது ஒரு திரவியத்தைப் பற்றியே நிற்கும், தனியே நிற்காது என்பது அவர்கள் துணிபு. 17-ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் இயற்றிய தர்க்கஸங்கிரகத்தைப் படிக்கிற இளம் மாணாக்கனும், புத்தி என்பது ஆத்மாவின் குணம் என்றும், அது ஸ்மிருதி, அநுபவம் என இருவகைப்படும் என்றும், அநுபவம் விட்டுச்செல்லும் ஸம்ஸ்காரமே பின்னர் ஸ்மிருதிக்குக் காரணமாகிறது என்றும் ஒப்புவிப்பான். இந்தக் கொள்கைப்படி, உயிரில்லாத பொருள் எதுவும் அறிவுக்கு ஆசிரயமாக இயலாது. நூலகத்தில் அறிவு நிறைந்திருக்கிறது என்று நாம் சொல்வது உபசார வழக்கு. அங்கே இருப்பன எழுத்துக்கள். அவற்றைப் படிக்கிறவனிடத்தில், அவன் படிக்கிற கணத்தில், சொல்லைக் கருவியாகக் கொண்டு அறிவு பிறக்கிறது. கம்பெனியின் நிலை இன்னும் விசித்திரமானது. அது சட்டத்தின் கண்ணில் ஒரு நபர், அதற்குச் சொத்து உண்டு, வழக்காடும் உரிமை உண்டு, வருமான வரியும் உண்டு, ஆத்மா இல்லை. கோயிலில் எழுந்தருளியுள்ள மூர்த்தியையும் சட்டம் இவ்வாறே ஒரு நபராகக் கருதி நிலபுலங்களுக்கு உரிமை தருகிறது. ஆனால் அந்த மூர்த்தி எல்லாம் அறிவார் என்பதில் பக்தனுக்கு ஐயமில்லை. கம்பெனிக்கு அந்தச் சலுகையைக் காட்ட அதன் பங்குதாரர்களும் முன்வரமாட்டார்கள்.

இந்தத் தர்க்கத்தை வெறும் ஏட்டு வாதமாக விட்டுவிடாமல் ஒரு ஸ்தாபனத்தின் சரித்திரத்தில் வைத்துச் சோதிக்க வேண்டுமானால், அதற்கு ஜெராக்ஸ் கம்பெனியைவிடப் பொருத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. நம்மூர்த் தாலுகா கச்சேரி வாசல்களில் ஜெராக்ஸ் எடுத்து வா என்று சொல்லாத நாள் இல்லை. அந்தப் பெயருக்குப் பின்னால் இருந்த மனிதரைப் பற்றி நினைப்பவர்தான் அரியர். செஸ்டர் கார்ல்சன் பௌதிகம் படித்துப் பட்டம் பெற்று, காப்புரிமைப் பத்திரங்களைக் கையாளும் உத்தியோகத்தில் அமர்ந்து, நகல்களுக்காகத் திண்டாடிச் சலித்தவர். இரவில் சட்டம் படிக்கையில், புத்தகம் வாங்க வசதியின்றி நூலகத்தில் அமர்ந்து கையால் பிரதி எழுதியவர். நியூயார்க் நகரத்தின் அஸ்டோரியா பகுதியில் 1938 அக்டோபர் 22 அன்று முதல் உலர் நகலை அவர் எடுத்தார். இருபதுக்கும் மேற்பட்ட கம்பெனிகள் அந்தக் கண்டுபிடிப்பை வேண்டாமென்று திருப்பி அனுப்பின. 1959-ல்தான் 914 என்ற எண்ணைப் பெயராகக் கொண்ட யந்திரம் சந்தைக்கு வந்தது. பெருஞ்செல்வம் அவரைத் தேடி வந்தபோது, வேதாந்தத்திலும் ஜென் பௌத்தத்திலும் மனம் ஈடுபட்டிருந்த அவர், 1968-ல் காலமாவதற்கு முன் அதில் பெரும்பகுதியைத் தானம் செய்துவிட்டார். ராசெஸ்டர் ஜென் மையமும், மறுபிறவி பற்றிய ஆராய்ச்சிக்கு வர்ஜீனியா பல்கலைக்கழகமும் அவர் கொடையால் பயன்பெற்றன. எழுதப்பட்டதை எல்லாம் ஒரு பொத்தானை அழுத்திப் பெருக்கித் தரும் சாதனம், பந்தத்தை விட்டொழிக்க விரும்பிய ஒருவரின் கையிலிருந்து உலகுக்கு வந்தது என்பதை நான் எண்ணி மகிழ்வதுண்டு. அது விவாதத்துக்குப் புறம்பான மகிழ்ச்சிதான்.

விவாதத்துக்கு உரியது வேறு. இந்த யந்திரங்கள் அடிக்கடி பழுதுபட்டன. அவற்றைச் செப்பனிட ஆயிரக்கணக்கான மெக்கானிக்குகளைக் கம்பெனி ஊர் ஊராக அனுப்பியது. அவர்கள் கையில் பருமனான வழிகாட்டி நூல்களையும் கொடுத்தது. இந்தக் குறியெண் தோன்றினால் இதைச் சோதி, அது சரியாயிருந்தால் அடுத்ததைச் சோதி, பழுது தெரிந்தால் இந்த உறுப்பை மாற்று என்று கிளைகிளையாகப் பிரிந்து செல்லும் அந்த நூல்கள், அறிவு முழுவதையும் காகிதத்தில் இறக்கிவிட்டோம், இனி வேண்டியது கீழ்ப்படிதல் ஒன்றே என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை. தாமே முன்பு பழுது பார்க்கும் தொழில் செய்து, பின்னர் மானிடவியல் கற்ற ஜூலியன் ஆர் என்பவர், இந்த மெக்கானிக்குகளோடு கூடவே திரிந்து அவர்கள் வேலையைக் கவனித்து, தாம் கண்டதை 1996-ல் ஒரு நூலாக வெளியிட்டார். அவர் கண்டது இதுதான்: யந்திரம் ஒரு குறியெண்ணைக் காட்டி ஓரிடத்தைச் சுட்டும், பழுதோ முற்றிலும் வேறிடத்தில் இருக்கும், நூலின் கிளைகளெல்லாம் தீர்ந்துபோன பிறகு, இரண்டு மெக்கானிக்குகள் அந்த யந்திரத்தின் முன் நின்றுகொண்டு, முன்பு அந்த ஊரில் இப்படி ஆயிற்று, அதற்கு முந்திய மாதம் இன்னொருவருக்கு வேறுவிதமாக ஆயிற்று என்று ஒருவருக்கொருவர் கதை சொல்லத் தொடங்குவார்கள், ஒருவர் கதையின் முனை மற்றவர் கதையின் முனையோடு பொருந்தும் இடத்தில் நோய் இன்னதென்று விளங்கும். காலைச் சிற்றுண்டியின்போதும் மதிய உணவின்போதும் அவர்கள் பேசிக்கொண்டதும் பெரும்பாலும் இத்தகைய கதைகளே. மேலதிகாரி ஒருவர் எட்டிப் பார்த்திருந்தால் அதை வீண்பேச்சு என்று எழுதி, அந்த நேரத்தைக் குறைத்துச் சிக்கனம் கண்டிருப்பார். உலகத்துக் காகிதங்களையெல்லாம் நகலெடுக்கும் சாதனத்தை விற்ற கம்பெனி, அந்தச் சாதனத்தைச் செப்பனிடும் அறிவை மட்டும் காகிதத்தில் பிடிக்க இயலாமல் நின்ற இந்தக் காட்சிக்கு நையாயிகர்கள் சிரித்திருப்பார்கள்.

அதே கம்பெனியில் பல ஆண்டுகள் கம்ப்யூட்டர் நிர்வாகத்தில் உயர்பதவி வகித்தவர் பால் ஸ்ட்ராஸ்மன். ஸ்லோவாக்கியாவில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். கம்ப்யூட்டருக்காக ஒரு கம்பெனி செலவிடும் தொகைக்கும் அது ஈட்டும் லாபத்துக்கும் தொடர்பு ஏதும் காணக்கிடைக்கவில்லை என்பதை 1990-லும் 1997-லும் வெளியிட்ட நூல்களில் எண்களைக் கொண்டு வாதித்து, யந்திர வியாபாரிகளின் கோபத்துக்கு ஆளானார். அவ்வளவோடு நில்லாமல், அறிவின் மதிப்பைக் கணக்கிடவும் ஒரு வழி சொன்னார்: கம்பெனியின் லாபத்திலிருந்து, பங்குதாரர் போட்ட முதலுக்கு நியாயமாகச் சேரவேண்டிய வாடகையைக் கழித்துவிட்டு, எஞ்சியதை அந்த முதலின் விலையால் வகுத்தால் வருவதே அறிவு மூலதனம். சாமர்த்தியமான வழி, கண்ணுக்குத் தெரியாத நெருப்பைப் புகையால் அறிவதுபோல், புலப்படாத அறிவை மிகை லாபத்தால் அறியும் அநுமானம். ஆயினும் அநுமானத்தில் ஹேது பிறழாமல் இருக்கவேண்டும். அறிவு இல்லாத இடத்திலும் மிகை லாபம் காணப்படுமானால், ஸவ்யபிசாரம் என்ற தோஷம் வந்து அநுமானத்தைக் கெடுத்துவிடும். இதற்கு ஸ்ட்ராஸ்மனின் பழைய கம்பெனியே பிரதிவாதியாக வந்து நிற்கிறது: காப்புரிமைகளை மதிலாகக் கட்டி அதற்குள்ளிருந்து அது ஈட்டிய லாபம், 1975-ல் அமெரிக்க வர்த்தக ஆணையத்தோடு செய்துகொண்ட உடன்பாட்டின்படி அந்தக் காப்புரிமைகளைப் பிறருக்கும் வழங்க நேர்ந்து, ஜப்பானிய யந்திரங்கள் மலிவாக வந்து குவிந்த பின், முன்போல் நிற்கவில்லை. மதில் போனபோது மறைந்தது அறிவா? அதே விஞ்ஞானிகளும் அதே மெக்கானிக்குகளும் அங்கேதான் இருந்தார்கள்.

இதற்கு நேர்மாறான உதாரணத்தையும் அந்தக் கம்பெனியே தருகிறது. 1970-ல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் அது ஓர் ஆராய்ச்சி நிலையத்தை நிறுவி, பணத்தைத் தாராளமாக வழங்கியது. 1973-ல் அங்கே உருவான ஆல்டோ என்ற கம்ப்யூட்டரில், இன்று நம் மேஜைமேல் காணும் ஜன்னல்களும் சுட்டெலியும் பெரும்பாலும் அமைந்திருந்தன. அறிவு இருந்தது, ஏராளமாக இருந்தது. லாபம் அதற்கேற்ப வரவில்லை. 1979-ல் ஸ்டீவ் ஜாப்ஸ் வந்து பார்த்துச் சென்றார் என்பதும், 1984-ல் மகின்டாஷ் வெளிவந்தது என்பதும் அனைவரும் அறிந்த கதை, விரிக்கவேண்டியதில்லை.

இதுவரை சொன்னதைக் கேட்ட ஒரு பௌத்தர் இடைமறிக்கக்கூடும். நிலையான ஆத்மா என்று ஒன்றை வைத்துக்கொண்டு அதன்மேல் அறிவைத் தொங்கவிட்டதால்தான் உங்களுக்கு இந்தச் சங்கடம். அறிவு என்பது கணந்தோறும் பிறந்து கணந்தோறும் அழிந்து, அழியும்போதே அடுத்த கணத்துக்குத் தன் வாசனையை விட்டுச்செல்லும் ஒரு ஸந்தானம், ஒரு தொடர். மனிதனே அத்தகைய தொடர் என்றால், ஊழியர் மாறியும் நீடிக்கிற ஸ்தாபனமும் ஒரு தொடராக இருப்பதற்குத் தடை என்ன என்று அவர் கேட்பார். மணிமேகலையில் தர்க்கம் பயின்றுள்ள நமக்கு இந்த வாதம் புதிதன்று. எளிதில் தள்ளத்தக்கதும் அன்று. எழுதிய நூல் ஒன்றும் இல்லாமலேயே வேதத்தின் ஸ்வரங்கள் தலைமுறை தலைமுறையாக வந்து சேர்ந்திருக்கின்றன; அங்கே தனி மனிதன் இறந்துகொண்டே இருந்தான், அறிவு இருந்துகொண்டே இருந்தது. ஆனால் பௌத்தரின் வாதத்தை ஒப்புக்கொண்டாலும் விளைவு ஒன்றுதான்: தொடரின் ஒரு கண்ணி அடுத்த கண்ணியைத் தொட்டாக வேண்டும். தொடாமல் விட்டுவிட்டு, இடையில் ஒரு கிடங்கைக் கட்டி, போகிறவன் அதில் போட்டுவிட்டுப் போகட்டும், வருகிறவன் அதிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும் என்பது ஸந்தானம் ஆகாது.

தொடுகின்ற அந்த இடத்தைப் பற்றி, எனக்குத் தெரிந்தவரையில், மிக நுட்பமாகப் பேசுவது தைத்திரீய உபநிஷத்தின் சீக்ஷாவல்லி. இலக்கணத்தில் இரண்டு எழுத்துக்கள் புணர்வதை உபாசனைப் பொருளாக எடுத்துக்கொண்டு, ஆசாரியனை முன் நிற்பதன் ஸ்தானத்திலும் மாணாக்கனைப் பின் வருவதன் ஸ்தானத்திலும் வைத்து, வித்தையை அவ்விருவரிடையே நிகழும் ஸந்தியாகவும், எடுத்துரைத்தலை அந்த ஸந்தியை உண்டாக்கும் செயலாகவும் தியானிக்கும்படி அது விதிக்கிறது. நையாயிகரின் கேள்வி, அறிவு யாரிடத்தில் இருக்கிறது என்பது. உபநிஷத்து அதை மறுக்காமல், பகிரப்படுகிற வித்தை இருவருக்கும் இடையில் நிற்கிறது என்கிறது. மெக்கானிக்குகள் யந்திரத்தின் முன் நின்று கதை பேசியபோது, ஒருவரிடத்தும் தனியாக இல்லாத விடை இருவர் பேச்சின் பொருத்தத்தில் தோன்றியதே, அதை இந்த உபாசனைக்கு உரையாக வைத்தால் மிகையாகாது. அப்படியானால் ஸ்தாபனம் எதற்குச் சொந்தம் கொண்டாடலாம்? இந்த அறிஞனுக்கும் அல்ல, அந்த அறிஞனுக்கும் அல்ல; அவர்கள் சந்திப்பதற்கு ஒரு திண்ணையையும் சற்றுப் பொழுதையும் அமைத்துக் கொடுத்த புண்ணியத்துக்கு வேண்டுமானால் உரிமை கொண்டாடலாம்.

இதைப் பழைய நாளில் தெரிந்தே செய்திருக்கிறார்கள். விழுப்புரத்தை அடுத்த எண்ணாயிரத்தில், முதலாம் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, வேதமும் வியாகரணமும் மீமாம்ஸையும் வேதாந்தமும் பயின்ற 340 மாணாக்கர்களுக்கும் 14 ஆசிரியர்களுக்கும் நாள்தோறும் எவ்வளவு நெல் அளக்கவேண்டும் என்று வகைப்படுத்திச் சொல்கிறது. ஒரு வித்தியா ஸ்தாபனத்தின் வரவுசெலவுத் திட்டம் என்று பார்த்தால், கற்பவனும் கற்பிப்பவனும் ஒரே இடத்தில் பசியின்றி இருக்கவேண்டும் என்பதைச் சுற்றியே அந்தச் செலவு அமைந்திருக்கிறது. அந்தக் கல்வியின் வாயில் யார் யாருக்கு மூடியிருந்தது என்பது வேறு விஷயம். அதை மறந்துவிட்டுப் பெருமை பேசுவது நேர்மையாகாது. ஆயினும் எதற்குச் செலவிடுவது என்ற ஒரே கேள்வியைப் பொறுத்தமட்டில், கல்லில் வெட்டிய அந்தக் கணக்கர் தம் தொழிலை நன்றாகவே அறிந்திருந்தார்.

அப்படியானால் யந்திரமே வேண்டாமா என்று கேட்டால், வேண்டும் என்றே சைவ சித்தாந்தம் விடை சொல்லும். ஆன்மா கருவிகள் ஏதும் கூடாத கேவல நிலையில் அறியாமையில் கிடக்கும். கருவி கரணங்கள் கூடிய சகல நிலையில்தான் அதற்குச் சிறிதளவாவது அறிவு விளங்கும் என்பது சித்தாந்தக் கொள்கை. விடியும்வரைக்கும் உதவும் விளக்கு என்று மாயையின் காரியங்களை உமாபதி சிவம் திருவருட்பயனில் உவமிப்பதன் கருத்தும் அதுவே. ஆனால் கருவிகள் தாமாக அறியா, அறிகின்ற ஆன்மா அவற்றின் வேறு என்பதை நிலைநாட்டவே, 13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞான போதத்தில் அத்தனை வாதங்களை அடுக்கினார். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கவேண்டும். மின்சார மோட்டார் வந்த புதிதில் அமெரிக்க ஆலைகள் நீராவி யந்திரத்தை எடுத்துவிட்டு அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்து, பழைய நீண்ட தண்டுகளையும் வார்ப்பட்டைகளையும் அப்படியே சுழலவிட்டன. ஒவ்வொரு யந்திரத்துக்கும் தனித்தனி மோட்டார் வைத்து, வேலையின் ஒழுங்குக்கேற்ப ஆலையையே மாற்றிக் கட்டலாம் என்று மனிதர்களுக்குப் புலப்பட்டு அது பரவ ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின என்று பொருளாதார சரித்திராசிரியர் பால் டேவிட் 1990-ல் எழுதிக் காட்டினார். கம்ப்யூட்டர் எங்கும் தென்படுகிறது, உற்பத்தித் திறனின் கணக்கில் மட்டும் தென்படவில்லை என்ற கருத்துப்பட 1987-ல் ராபர்ட் ஸோலோ செய்த பரிகாசத்துக்கு அவர் அளித்த பதில் அது. கருவிக்குப் பணம் கொடுத்த நாளும் கருவி விளங்கிய நாளும் ஒன்றல்ல. இடையிலுள்ள காலம் முழுவதும் மனிதர்கள் கற்கிற காலம். அந்தக் காலத்துக்கு உரிய செலவுதான் நமது கணக்குப் புத்தகத்தில் ஆண்டு முடிவில் மறைந்துபோகிற செலவு.

ஜெராக்ஸ் கம்பெனியும் பின்னர் இதைக் கற்றுக்கொண்டது. பழுதைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும்படியான செயற்கை நுண்ணறிவுச் சாதனம் ஒன்றை ஆராய்ச்சி நிலையத்தார் செய்து காட்டியபோது, மெக்கானிக்குகள் மரியாதையாகப் பார்த்துவிட்டு, தங்களுக்கு உண்மையில் இடர்தரும் பழுதுகள் அதில் இல்லை என்றார்கள். அதன்பின் ஆராய்ச்சியாளர்கள் அவர்களுடைய கதைகளின் பக்கம் திரும்பினார்கள். ஒருவர் கண்டுபிடித்த உபாயத்தை அவரே எழுதி அனுப்பவும், அவரைப்போன்ற மெக்கானிக்குகளே அதைச் சோதித்து ஏற்கவும், ஏற்கப்பட்டது அவர் பெயரோடு எல்லோருக்கும் கிடைக்கவும் ஓர் ஏற்பாட்டைச் செய்து, யுரேகா என்று பெயரிட்டு, முதலில் பிரான்ஸிலும் பின்னர் பிற நாடுகளிலும் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். அதில் குறிப்புகள் பல்லாயிரமாகப் பெருகின. குறிப்புக்கு இவ்வளவு என்று சன்மானம் கொடுக்கலாம் என்ற யோசனை எழுந்தபோது, பணம் வேண்டாம், பெயர் இருந்தால் போதும் என்று அவர்கள் கருதியதாக அறிகிறோம். இதைத் தியாகம் என்று புகழ்வது பொருளைத் தவறவிடுவதாகும். பணம் கொடுத்திருந்தால் குறிப்புகளின் எண்ணிக்கை பெருகி, தரம் குன்றியிருக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். பெயர் இருந்தால், சொன்னவன் தவறாகச் சொன்னான் என்ற அவப்பெயரும் அவனையே சேரும்.

நமது சென்னையின் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் கே.டி. என்ற இரண்டெழுத்தில் வழங்குகிற சடங்கை இந்த வெளிச்சத்தில் பார்க்கவேண்டும். நீங்குகிறவன், அல்லது நீக்கப்படுகிறவன், தன் இடத்துக்கு வருகிறவனுக்குத் தனக்குத் தெரிந்ததையெல்லாம் குறித்த நாட்களுக்குள் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும்; கடல் கடந்த தேசத்தில் ஒருவன் தன் வேலை போகப்போவதை அறிந்துகொண்டே கே.டி. கொடுக்கிறான், இங்கே நம் பிள்ளைகளில் ஒருவன் அதை எடுத்துக்கொள்கிறான். காலம் திரும்பும்போது இவன் கொடுக்கிறவன் ஆகிறான். ஸந்தியின் உருவம் எல்லாம் இங்கே இருக்கிறது: முன் நிற்பவனும் உண்டு, பின் வருபவனும் உண்டு, எடுத்துரைத்தலும் உண்டு. வித்தை மட்டும் பெரும்பாலும் கைமாறுவதில்லை. வித்தியா தானம் என்று நாம் போற்றியது கொடுப்பவனின் மனம் உவந்த செயலை. கட்டாயத்தின்பேரில் கொடுப்பவன் பொய் சொல்வதில்லை, கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறான், கேட்கத் தோன்றாததைச் சொல்லாமல் இருந்துவிடுகிறான். அவனைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. பத்தாண்டு முதிர்ந்த ஸம்ஸ்காரத்தை இரண்டு வாரத்தில் வடித்துக் கொடு என்று கேட்கிற ஸ்தாபனம், அந்தப் பத்தாண்டில் அவன் பக்கத்தில் ஓர் இளைஞனை அமர்த்தியிருக்கலாம். அதற்கான சம்பளத்தை அன்று சிக்கனம் என்று மிச்சப்படுத்தியது. அந்த மிச்சம் பின்னர் எந்த மென்பொருளின் விலையாக வெளியே போயிற்று என்று தேடிப் பார்க்கும் தணிக்கையாளரை நான் இன்னும் கேள்விப்படவில்லை.

கேட்ட கேள்விக்கெல்லாம் வாக்கியம் வாக்கியமாக விடை எழுதித் தரும் யந்திரங்கள் இப்போது வந்துவிட்டன; ஸ்தாபனங்களின் பணம் அந்தத் திசையில் வெள்ளமாகப் பாய்கிறது. பழைய கதைகளையும் குறிப்புகளையும் அந்த யந்திரத்துக்கு ஊட்டிவிட்டால், இனி ஸந்தி மனிதனுக்கும் யந்திரத்துக்கும் இடையிலேயே நிகழும் என்று சொல்கிறார்கள். விடை சில வேளை மிக நன்றாகவும் இருக்கிறது; அதை மறுப்பது வீண் பிடிவாதம். ஆனால் பிறர் சொல்லைக் கேட்டு அறிவது எப்போது பிரமாணமாகும் என்பதற்கு நியாய சூத்திரத்தின் பாஷ்யத்தில் வாத்ஸ்யாயனர் வகுத்த வரம்பு ஒன்று இருக்கிறது. சொல்பவன் ஆப்தனாக இருக்கவேண்டும். ஆப்தனாவது பொருளை நேரே கண்டறிந்தவன், கண்டதைக் கண்டபடி பிறருக்கு உணர்த்த வேண்டும் என்ற விருப்பத்தால் பேசுகிறவன். இந்த லக்ஷணம் ரிஷிக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் பொது என்றும் அவர் சேர்த்துச் சொல்கிறார். ஆதலின் கையில் கரி படிந்த மெக்கானிக்கும் தடையின்றி ஆப்தனாவான். யந்திரத்துக்கு நேரே கண்டதும் இல்லை, உணர்த்தும் விருப்பமும் இல்லை. ஆப்தர் பலர் சொன்னதன் கலவை அதனிடம் இருக்கிறது, அனாப்தர் சொன்னதும் அதில் பிரிக்கவியலாமல் கலந்திருக்கிறது. அதன் விடையைப் பிரமாணமாக்க வேண்டுமானால், அதைப் படித்து, பொருளோடு ஒப்பிட்டு, சரி என்று தன் பெயரை இடும் ஒரு மனிதன் அதன் பின்னால் நிற்கவேண்டும். அத்தகைய மனிதனாக ஒருவன் முதிர்வதற்கு ஆகும் ஆண்டுகளின் சம்பளமும் அந்த யந்திரத்தின் விலையில் அடக்கம். விற்பனைக்கு வருகிறவர் காட்டும் விலைப்பட்டியலில் அந்த வரி இருக்காது. வாங்குகிறவர்தான் அதைத் தம் கையால் எழுதிச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.